மருந்தும் விதியும்



விருதுநகர் மாவட்டத்தில் இரண்டு சொற்கள் இரட்டைப் பொருளோடு வழங்குகின்றன. ஒன்று மருந்து, மற்றது விதி. நோய் தீர்ப்பதும் மருந்து. பட்டாசுக் குழாயில் அடைப்பதும் மருந்து. தலையெழுத்தும் விதி, அரசு வகுத்த ஒழுங்கும் விதி. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் எண்ணற்ற குடும்பங்களின் வாழ்வு இவ்விரு சொற்களுக்கிடையே நடைபெறுகிறது. பள்ளிப் பாடநூலின் தொடக்க இயல்களில் வரும் பருப்பொருள், வேதிவினை, ஆற்றல் ஆகிய மூன்றையும் அறிந்தவர்க்கு, விதி என்னும் சொல்லின் எப்பொருள் எங்கே பொருந்தும் என்பது விளங்கும்.

கலவையும் சேர்மமும்

நிலம், தீ, நீர், வளி, விசும்பு என்னும் ஐந்தின் கலப்பே உலகம் என்பது தொல்காப்பியர் கொள்கை. இன்றைய அறிவியல் தீயைத் தனிப்பொருளாகக் கொள்வதில்லை. ஒரு பொருள் வேறொரு பொருளாக மாறும்போது வெப்பமும் ஒளியும் வெளிப்படும் நிகழ்ச்சியே தீ என்று அது கூறும்.

பட்டாசின் மூத்த வடிவமான கரிமருந்தை எடுத்துக்கொள்ளலாம். நூறு பங்கில் வெடியுப்பு ஏறத்தாழ 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. இம்மூன்றையும் எவ்வளவு நுண்ணிதாக அரைத்தாலும் அது கலவையே, சேர்மம் அன்று. நீரை ஊற்றினால் வெடியுப்பு மட்டும் கரைந்து பிரியும். கரியும் கந்தகமும் கரையாது தங்கும். அடுத்தடுத்து இருந்தும் அவை ஒன்றோடொன்று சேரவில்லை. தீப்பொறி பட்ட பின்னரோ அவை கரியமிலவாயு, நைட்ரசன், பொட்டாசியம் உப்புகள் எனப் புதுப்பொருள்களாகிவிடும். அதன்பின் நீரால் பிரித்துப் பழைய மூன்றையும் மீட்க இயலாது. மீளக்கூடிய கலப்புக்கும் எளிதில் மீளாத மாற்றத்துக்கும் உள்ள இவ்வேறுபாடே வேதியியலின் முதற்பாடம்.

கண்மாயும் கரையும்

எரியக்கூடிய பொருள்கள் அருகருகே இருந்தும் ஏன் தாமாக எரிவதில்லை? கரிசல் நாட்டுக் கண்மாய் இதற்கு விடை சொல்லும். கண்மாய் நிறைய நீர் நிற்கிறது. பாய்வதற்கு வேண்டிய உயரம் அதனிடம் இருக்கிறது. கரை தடுத்து நிறுத்தியுள்ளது. கரையை வெட்டுவோர் செலவிடும் உழைப்பு சிறிது; வெளிப்படும் வெள்ளமோ பெரிது. வேதிப்பொருள்களுக்கும் அத்தகைய கரை உண்டு. அக்கரையைக் கடக்க வேண்டிய தொடக்க ஆற்றலைக் கிளர்வு ஆற்றல் என்பர். உராய்வு, அடி, பொறி, வெயில் ஆகியவை அக்கரையை வெட்டும் மண்வெட்டிகள்.

விறகு எரியக் காற்று வேண்டும். காற்றைத் தடுத்தால் தீ அவியும். வெடிமருந்து அவ்வாறன்று. எரிவதற்கு வேண்டிய ஆக்சிசனை வெடியுப்பே தன்னுள் வைத்திருக்கிறது. ஆகவே மூடி அணைப்பது அங்கே பயன்படாது. தொடங்காமல் காப்பது ஒன்றே வழி.

அந்த வழியைத் தீப்பெட்டி அழகுறக் காட்டுகிறது. முற்காலத்துத் தீக்குச்சியில் வெண் பாஸ்பரசு இருந்தது. எங்கு உரசினும் அது பற்றிக்கொள்ளும். செய்தோரின் தாடையெலும்பையும் அரித்துவிடும். இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விலக்கியது. பாதுகாப்புத் தீக்குச்சியில் பொட்டாசியம் குளோரேட்டு குச்சியின் தலையிலும், செம்பாஸ்பரசு பெட்டியின் பக்கத்திலும் பிரித்து வைக்கப்பட்டன. 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் நிறுவினர். மழை குறைந்த வறண்ட வானிலை, உழவைக் கைவிட்டாலும், ஈரத்தை அஞ்சும் இத்தொழிலுக்குத் துணைநின்றது. பின்னர்ப் பட்டாசும் அச்சும் தொடர்ந்தன.

லவாய்சியர் கண்ட பாடம்

பருப்பொருளை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்பதைத் தராசின் துணைகொண்டு நிலைநாட்டிய பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர், வெடிமருந்து ஆலைகளை மேற்பார்வையிடும் அரசுப் பொறுப்பிலும் இருந்தார். 1788ஆம் ஆண்டு அக்டோபரில், பாரிசுக்கு அருகே எசோன் என்னும் ஊரிலிருந்த ஆலையில் ஒரு சோதனை நடந்தது. வெடியுப்புக்கு மாற்றாக, பெர்த்தொலே என்னும் அறிஞர் ஆய்ந்த குளோரேட்டு உப்பைக் கலந்து அரைத்தனர். கலவை வெடித்தது, இருவர் மாண்டனர். அருகிலிருந்த லவாய்சியரும் அவர் துணைவியாரும் பெர்த்தொலேயும் உயிர்தப்பினர்.

குளோரேட்டோடு கந்தகம் சேரும்போது கரை மிகத் தாழ்ந்துவிடுகிறது. சிறு உராய்வும் போதும். இந்தியாவில் பட்டாசில் குளோரேட்டுடன் கந்தகம் கலப்பது தடை செய்யப்பட்டது 1992ஆம் ஆண்டில். எசோன் நிகழ்ச்சிக்கும் அத்தடைக்கும் இடையே இருநூற்று நான்கு ஆண்டுகள். அறிவு நூலிலிருந்து சட்டத்துக்கு வர அத்தனை காலம் ஆயிற்று. சட்டத்திலிருந்து மருந்து கலக்கும் அறைக்கு அது முழுமையாக வந்து சேர்ந்ததா என்பதே இன்றைய வினா.

அறையின் வேதியியல்

முதலிப்பட்டியில் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் நேர்ந்த வெடிப்பில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒவ்வொரு முறையும் நாளிதழில் ‘உராய்வு’ என்ற ஒரு சொல் காரணமாக அச்சேறுகிறது. ஊரார் வாயில் ‘விதி’ என்ற ஒரு சொல் ஆறுதலாக வருகிறது.

ஆனால் தொழிற்சாலை விதிகள் ஒவ்வொன்றும் ஒரு வேதியியல் வாக்கியமே. ஓர் அறையில் நால்வருக்கு மேல் கூடாது. மருந்தின் அளவு குறிப்பிட்ட எல்லையை மீறக்கூடாது. இவை வெளிப்படக்கூடிய ஆற்றலுக்கும் அதில் சிக்கக்கூடிய உயிர்களுக்கும் இடும் வரம்புகள். இரும்புக் கருவி கூடாது என்பது பொறிக்குத் தடை. செயற்கை இழை ஆடை வேண்டா, பருத்தி உடுத்துக என்பது நிலைமின்னுக்குத் தடை. அறைகளுக்கிடையே இடைவெளி வேண்டும் என்பது ஓரறையின் தீ மற்றோர் அறைக்குக் கிளர்வு ஆற்றல் ஆகாதபடி காப்பது. மரத்தடியில் வைத்துப் பட்டாசு செய்யும்போது இவ்வாக்கியங்கள் அனைத்தும் ஒருங்கே மீறப்படுகின்றன.

பொருளின் நுண்மையும் கருதத்தக்கது. அலுமினியப் பாத்திரம் அடுப்பில் நாள்தோறும் இருந்தும் எரிவதில்லை. அதையே மாவாக அரைத்தால் மேற்பரப்பு பன்மடங்கு பெருகி, கண்பறிக்கும் ஒளியோடு எரியும். அம்மாவு வெடியுப்போடு ஈரம்பட்டுக் கிடந்தால் மெல்லத் தானே சூடேறும். வெப்பம் வெளியேற வழியின்றிக் குவிந்தால் பற்றிக்கொள்ளும். அதனால்தான் மிஞ்சிய கலவையை மறுநாளைக்கு வைத்தல் ஆகாது. யாரும் தொடாத அறை வெடிக்கும்போது அது புதிராகத் தோன்றும். வேதியியலுக்கு அது புதிரன்று.

எதுவும் அழிவதில்லை

வானத்தில் பூக்கும் வண்ணங்களைப் பாடாத பாவலர் அரியர். சிவப்பு ஸ்ட்ரான்சியம் தருவது; பச்சை பேரியம் தருவது; நீலம் செம்பு தருவது; மஞ்சள் சோடியம் தருவது. ஒளி மறைந்த பின்னும் அத்தனிமங்கள் மறைவதில்லை. கரிமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திண்மத் துகளாகவே எஞ்சுகிறது, அதுவே புகை. 12 கிராம் கரி 32 கிராம் ஆக்சிசனோடு சேர்ந்தால் 44 கிராம் கரியமிலவாயு கிடைக்கும். தராசு எதையும் மறப்பதில்லை.

உச்சநீதிமன்றம் 2018ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் பேரியம் உப்புகளுக்கு விதித்த தடை இக்கணக்கின் வழி வந்தது. நகரத்தார் மூச்சைக் காக்க எழுந்த அத்தடை, பேரியம் நைட்ரேட்டைக் கொண்டு கம்பி மத்தாப்பும் பூச்சட்டியும் செய்துவந்த கைகளின் வேலையையும் தொட்டது. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. நுகர்வோரின் மூச்சை எண்ணும் நாடு, செய்வோரின் உயிரையும் அதே தராசில் வைத்தல் வேண்டும்.

தமிழின் கடமை

வேதியியல் தமிழுக்குப் புதிதன்று. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் அவர்களின் முயற்சியால் 1875ஆம் ஆண்டிலேயே ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் தமிழில் வெளிவந்தது. எளிய மக்களும் அறியும்படி இராஜாஜி ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். திண்ணை வரை வந்த வேதியியல் மருந்து அறைக்குள்ளும் செல்லவேண்டும்.

மருந்து கலப்பவரின் விரல்களுக்குப் பல உண்மைகள் தெரியும். காரணம் சொல்லப்படாததால் அவை பழக்கமாகவே நிற்கின்றன. காரணம் அறியாத பழக்கம் அவசரத்தில் தளரும். தீபாவளி நெருங்க நெருங்க அவசரம் கூடும். அறைச் சுவரில் அலுவலக நடையில் எழுதப்பட்ட எச்சரிக்கை கண்ணில் பட்டும் மனத்தில் பதிவதில்லை. அதனை நான்கு தெளிந்த தமிழ் வரிகளில் எழுதித் தருதல் புலமைக்குத் தாழ்வன்று. இவ்வட்டத்துப் பாவலர்கள் அடுத்த பத்தாண்டில் ஒரு கவியரங்கின் உழைப்பையேனும் இதற்கு ஈந்தால், விதி என்ற சொல் இழவு வீட்டில் ஒலிப்பது குறைந்து, வேலைக்களத்தில் ஒலிப்பது மிகும்.