நடுவுநிலை என்பது பாதிக்குப் பாதி அன்று
(மதுரை, காளவாசலில் ஈழப்போர் வரலாறு பற்றி ஆற்றிய உரை)



2009-ஆம் ஆண்டு மே திங்களில் ஈழப்போர் முடிந்துவிட்டதாகச் சிங்கள அரசு அறிவித்தது. படைக்கருவிகள் ஓய்ந்த அன்றே எழுதுகோற்போர் தொடங்கிவிட்டது. அப்போரின் வரலாற்றை யார் எழுதுவது, எவ்வாறு எழுதுவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

சிங்களவர் தம் வரலாற்றுக்கு அடிப்படையாகக் கொள்ளும் நூல் மகாவமிசம். எல்லாளனை வென்ற துட்டகைமுனு, போரில் மாண்டோரை எண்ணி வருந்தினானாம். தேற்ற வந்த புத்தத் துறவிகள், ‘நீ கொன்றது ஒன்றரை மாந்தரையே’ என்றனராம். புத்தநெறியைச் சார்ந்த இருவருள் ஒருவன் முழு ஆள். மற்றவன் அரை ஆள். ஏனையோர் விலங்குக்கு ஒப்பானவர்! அன்று ஒன்றரை, 2009-இல் அதுவும் சுழியாயிற்று. பொதுமக்களுள் ஓர் உயிரும் போகாத மீட்பு வினை என்றன்றோ கொழும்பு பறைசாற்றியது?

ஆயினும் அதே மகாவமிசம், எல்லாளன் 44 ஆண்டுகள் ஆண்டான் என்றும், பகைவர்க்கும் நண்பர்க்கும் ஒப்ப முறைசெய்தான் என்றும் எழுதி வைத்திருக்கிறது. நாம் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறோம். ஏன்? ஒருவன் தன் சார்புக்கு மாறாகச் சொல்லும் சொல்லே வலிய சான்று. இந்த அளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்க்க வேண்டும், தோழர்களே!

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2011-இல் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அவர்கள், அரசு அமைத்த ஆணையத்தின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்தோபரில் வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். போருக்குப்பின் அரசின் பிடிக்குள் வந்தோர் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். முதல் எண் அரசுப் பதிவிலிருந்தும் இரண்டாவது எண் ஒன்றிய நாடுகள் அவையின் பதிவிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அதனாலேயே அந்தக் கேள்விக்கு அத்துணை வலிமை! நம் மேடைகளிலோ அதனை ‘ஒன்றரை இலக்கம் பேர் கொல்லப்பட்டனர்’ என்று மாற்றிச் சொல்கிறோம். ஆயர் கேட்டது கேள்வி. நாம் அதை முடிபாக்கிவிட்டோம். கேள்வியாக இருக்கும்வரை விடைசொல்லும் பொறுப்பு அரசினுடையது. முடிபாக்கினால் மெய்ப்பிக்கும் பொறுப்பு நம் தலைமேல் விழுகிறது. பகைவன் விரும்புவதும் அதுவே.

அடுத்து, ‘இருபக்கமும் தவறு’ என்று சொல்லி ஒதுங்குவோர் உளர். அது நடுவுநிலை அன்று. துலாக்கோலின் நா நடுவில் நிற்பது எடையிடுவதற்கு முன்னர்தான். எடையிட்ட பின் கனமான தட்டு தாழ்ந்தே தீரும். தாழவிடாமல் விரல்கொடுத்துத் தூக்குபவன் நடுவனா? ஒன்றிய நாடுகள் அவையின் வல்லுநர் குழு 2011-இல் அளித்த அறிக்கை, பொதுமக்கள் 40,000 பேர்வரை இறந்திருக்கக்கூடும் என்றது. இறுதிக்கட்டத்தில் இறந்தோருள் பெரும்பாலோர் அரசின் எறிகணைகளால் மாண்டனர் என்றது. அதே அறிக்கை, வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதையும், சிறுவரை வலிந்து படையிற் சேர்த்ததையும் சொல்கிறது. முன்னதை மேடையில் படித்துப் பின்னதை மறைத்தால், முன்னதையும் உலகம் நம்பாது.

கசக்கும் செய்தி ஒன்றையும் சொல்கிறேன். 1990 அக்தோபரில் வடபுலத்துத் தமிழ்பேசும் முசுலீம் மக்கள் எழுபதினாயிரவர்க்கும் மேற்பட்டோரைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த காலம் இரண்டு மணிநேரம். அது பிழை என்பதை 2002-இல் அன்ரன் பாலசிங்கமே ஒப்பினார். அவர் ஒப்பியதை நாம் எழுத ஏன் அஞ்ச வேண்டும்? 1981-இல் யாழ் நூலகத்தை எரித்தவர்களை நாம் குற்றஞ்சாட்டுவது எந்த அறத்தின்பேரிலோ, அந்த அறம் இங்கும் பேச வேண்டும். தமிழையே தாய்மொழியாகக் கொண்ட மக்களின் கண்ணீரைத் தமிழன் வரலாற்றில் எழுதாமல் வேறு எவன் வரலாற்றில் எழுதுவது?

இது மதுரை. கண்ணகி வழக்குரைத்த ஊர். அவள் அழுத அழுகை மன்னனை அசைத்திருக்கலாம். ஆனால் வழக்கை வென்றது உடைத்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கப்பரலே. நம்மிடம் அழுகை நிறைய உண்டு. பரல்களைத் தேடிச் சேர்த்தோமா?

ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் ஈழத்து ஏதிலியர் குடியிருப்புகள் இருக்கின்றன.  அங்குள்ள முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். மாணவத் தோழர்களே, ஏடும் எழுதுகோலும் கொண்டு செல்லுங்கள். ஊர், நாள், நிகழ்ச்சி ஆகியவற்றைக் குறியுங்கள். கண்ணால் கண்டதைத் தனியே எழுதுங்கள். காதால் கேட்டதைத் தனியே எழுதுங்கள். நமக்கு உவப்பில்லாததைச் சொன்னாலும் ஓர் எழுத்தும் மாற்றாதீர்கள். சொல்பவர் விரும்பாவிடின் பெயரை வெளியிடாதீர்கள்.

காளவாசல் என்பது சூளையைக் குறிக்கும் சொல். சூளையில் வேகாத கல் முதல்மழையிலேயே கரைந்துபோகும். நாம் எழுதும் வரலாறு பகைவனின் குறுக்குக் கேள்வி என்னும் தீயில் வெந்து நிற்கும் கல்லாக இருக்கட்டும். நம் பக்கம் உண்மை இருக்கிறது என்று நம்புகிறவர்கள் உண்மைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் அறம்!