நம் கிணற்றின் கீழுள்ள பாறை



பூமியின் மையம் நம் காலடியினின்றும் ஏறக்குறைய 6,370 கிலோமீட்டர் ஆழத்திலுள்ளது. மேலோடாக அமைந்த கல்லின் கனமோ நம் பக்கத்தில் சுமார் 40 கிலோமீட்டரே. வேலூர், ஆம்பூர்ப் பிரதேசத்துக் கருங்கல் சுமார் 250 கோடி ஆண்டு பழையது.

இக்கல் நீரை உறிஞ்சுவதன்று. பாலாற்று மணல் ஜலத்தைத் தாராளமாய்ச் சேமிக்கும். பாறையிலோ, மேலே மக்கிய பாகத்திலும் வெடிப்புகளிலும் மாத்திரமே அது தங்கும். தோல் பதனிடும் சாலைக் கழிவின் உப்பும் அவ்வெடிப்புகளின் வழியே அண்டைக் கிணற்றை அடைகிறது. கல் அதை வடிகட்டாது. வெடிப்பு எத்திசை ஓடுமென்று மேலிருந்து கண்டவர் யார்? மாசு செய்தவரே ஈடு செலுத்தவேண்டுமென 1996-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு இவ்வழக்கில் தீர்ப்பளித்தது.

ஆழம் மிக மிக வெடிப்புகள் பெரும்பாலும் குறையும். ஆகவே கிணற்றை ஆழப்படுத்தச் சங்கத்தில் கடன் கோருவோர், இருக்கும் நீரின் உப்பை முதலில் சோதிப்பித்துக்கொள்க.