கையிலே ஒரு காவல்

(தலைப்பு: போதையிலிருந்து மீள்பவருக்குக் கைப்பேசிச் செயலி துணையா, தொல்லையா? ‘துணையே’ அணியில் பேசியது)



எனக்கு முன்னாலே பேசிய தம்பி, “செல்போனே ஒரு போதை, ஒரு போதையை வச்சு இன்னொரு போதையை ஓட்ட முடியுமா?”ன்னு கேட்டு நல்லா கைதட்டு வாங்கினாரு. ஐயா, அந்தக் கேள்வியை அவர் எதைப் பார்த்துப் படிச்சாரு? செல்போனைப் பார்த்து! (சிரிப்பு) முள்ளை முள்ளாலேதானே எடுக்கணும்?

குடியை விடுகிறவனுக்கு எது கஷ்டமான காலம்? ஆஸ்பத்திரியில் இருக்கிற நாளா? இல்லீங்க. அங்கே நர்ஸ் இருக்காங்க, மாத்திரை இருக்கு, வாசலிலே வாட்ச்மேன் இருக்காரு. எங்க சித்தப்பா மகன் ஒரு மாசம் சிகிச்சை முடிச்சு வந்தான். வேலைக்குப் போகிற வழியிலே மூணு மதுக்கடை. டாக்டர், “அந்தப் பக்கம் போகாதீங்க”ன்னு சொல்லி அனுப்பினாரு. கடை தெருவிலே இருக்கு. டாக்டர் ஆஸ்பத்திரியிலே இருக்காரு. நடுவிலே இவன் தனியா நடக்கணும்.

அந்த நடுவழிக்குத்தான் அமெரிக்காவிலே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ‘ஏ-செஸ்’னு ஒரு செயலி செஞ்சாங்க. செஞ்ச குழுவுக்குத் தலைவர் டேவிட் கஸ்டாஃப்சன். அவர் டாக்டர் இல்லீங்க, இன்ஜினியரிங் பேராசிரியர்! பழைய மதுக்கடை எங்கேன்னு நாமே முன்கூட்டிக் குறிச்சு வைக்கலாம். அந்தப் பக்கம் கால் திரும்பினா போன் எச்சரிக்கும். மனசு தவிக்கிற நேரத்துக்கு ஒரு பொத்தான். சிகிச்சை முடித்த 349 பேரை வச்சுச் சோதிச்சு, 2014-இல் முடிவை வெளியிட்டாங்க. 30 நாளிலே அளவுமீறிக் குடிச்ச நாள், செயலி இல்லாதவருக்குச் சராசரி 2.75, இருந்தவருக்கு 1.39. ஏறக்குறையப் பாதி! (கைதட்டல்) அந்த ஒண்ணே கால் நாள் என்ன பெரிசுன்னு கேட்பீங்க. குடிக்கிறவன் வீட்டிலே இருக்கிற பொம்பளையைக் கேளுங்க, ஒரு நாள்னா என்னன்னு சொல்லுவா.

“மனுஷன் செய்கிற வேலையை மெஷின் செய்யுமா?” என்றார் எதிரணித் தலைவர் அண்ணன். அண்ணே, 1935 மே மாசம் ஆக்ரன் நகரத்து ஹோட்டலிலே பில் வில்சன்னு ஒருத்தர். குடியை விட்டு சில மாசம்தான் ஆச்சு. போன காரியம் தோத்துப் போச்சு. ஒரு பக்கம் மதுக்கூடத்துச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போனாரு. அந்த அழைப்பாலே மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்திச்சாரு. ரெண்டு பேரும் சேர்ந்து தொடங்கினதுதான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. அன்னிக்கு அந்த மெஷின் மனுஷனை விலக்கிச்சா? கூட்டிக்கிட்டு வந்துச்சு. நம்ம நாட்டுல 2022-இல் வந்த டெலி-மானஸ், 14416-ன்னு அடிச்சா, அந்தப் பக்கம் பேசுகிறதும் மனுஷர்தான்.

குறையே இல்லைன்னு நான் சொல்ல வரலை. மனநல ஆலோசனை தருகிற ‘பெட்டர்ஹெல்ப்’, வந்தவங்க தகவலை விளம்பரத்துக்காக முகநூல் போன்ற கம்பெனிகளுக்குக் கொடுத்ததாக அமெரிக்க அரசு நடவடிக்கை எடுத்து, 2023-இல் 78 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. பூசாரியே உண்டியலைத் திறந்த கதை! அதுக்குச் சட்டம் வேணும், தண்டனை வேணும். டாக்டர் சீட்டு எழுதித் தருகிற ‘ரீசெட்’ செயலிக்கு 2017-இல் அரசு அனுமதி கிடைச்சுது. நடத்தின கம்பெனி 2023-இல் திவால். இன்சூரன்ஸ்காரங்க பணம் கட்ட முன்வராததை அதன் தலைவரே காரணமாச் சொன்னாரு. கடை மூடினதாலே மருந்து கெட்டதுன்னு ஆகுமா?

கடைசியா எதிரணிக்கு ஒரே கேள்வி. ராத்திரி ரெண்டு மணி. வீடு தூங்குது. இவனுக்குக் கை நடுங்குது. அப்ப உங்க மூணு பேரிலே யார் போனை எடுப்பீங்க? எடுக்கிறோம்னா நம்பரைக் கொடுத்துட்டுப் போங்க, நான் உங்க அணிக்கே வந்துடறேன். (பலத்த கைதட்டல்) ஐயா மணி அடிச்சுட்டாங்க.