பதினொன்றாம் வகுப்புக் கணக்கு: பள்ளியும் பெற்றோரும் செய்யவேண்டுவன

(காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில், பதினொன்றாம் வகுப்பின் முதல் பிரிவில் சேர்ந்துள்ள மாணவ மாணவியரின் பெற்றோரும் ஊராட்சிப் பெருமக்களும் கூடிய கூட்டத்தில், கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



உங்கள் மக்கள் இவ்வாண்டு எந்தக் கணக்கைப் படிக்கப் போகிறார்கள், அவர்களிடம் பள்ளி எதிர்பார்ப்பது யாது, வகுப்பின் விதிகள் யாவை, வீட்டாரும் ஊராரும் செய்யவேண்டுவது என்ன என்பனவற்றை எடுத்துச் சொல்லுமாறு தலைமையாசிரியர் அவர்கள் என்னைப் பணித்திருக்கிறார். குறுவைக்கு நாற்று விடும் வேளையில் வேலையை விட்டு வந்திருக்கிறீர்கள். ஆகையால் நேரே செய்திக்கு வருகிறேன்.

1978-ம் ஆண்டுக்கு முன்னர், உயர்நிலைப் பள்ளியை முடித்த கிராமத்துப் பிள்ளை மேற்கொண்டு கணக்குப் படிக்க வேண்டுமாயின், நகரத்துக் கல்லூரியில் புகுமுக வகுப்பில் சேரவேண்டும். அவ்வாண்டில் மேல்நிலைக் கல்வி பள்ளிக்கே வந்தது. அதற்கும் இருபது ஆண்டுகளுக்கு முன், 1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், நம்மைப் போன்ற ஊரார் மேசை நாற்காலியும், ஓடும், செங்கல்லும் கொடுத்துப் பள்ளிகளைத் தாங்கினர். இன்று கட்டடம் இருக்கிறது. நூல்களை அரசு இலவசமாகத் தருகிறது. இப்போது நான் உங்களிடம் கேட்க வந்திருப்பது பொருளன்று, கவனம்.

அக்கவனம் இவ்வாண்டு ஏன் மிகுதியாக வேண்டும் என்பதைச் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்புக்கு நெடுங்காலம் பொதுத்தேர்வு இருந்ததில்லை. அதனால் பல பள்ளிகளில் ஒரு தீய வழக்கம் வளர்ந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் பெயரளவில் தொட்டுவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் உருப்போட வைத்தனர். மதிப்பெண் மிகுதியாக வந்தது; ஆனால் அப்பிள்ளைகள் கல்லூரியின் முதலாண்டுக் கணக்கிலேயே தடுமாறினர். இதனைத் தடுக்க 2017–18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. அடுத்த ஆண்டில் புதிய பாடநூலும் வந்தது. பின்னர், 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ம் நாள் வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையில், 2025–26 கல்வியாண்டு முதல் இப்பொதுத்தேர்வு இல்லை என்று அறிவிக்கப்பட்டது.

அதனை நான் குறை கூறவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்று ஆண்டும் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்குப் பெருஞ்சுமை என்பதே என் எண்ணம். ஆனால் தேர்வு போனதும் பழைய வழக்கம் திரும்பி வரக்கூடும். "பதினொன்றில் பொதுத்தேர்வு இல்லையே, பிள்ளை இவ்வாண்டு வீட்டு வேலை பார்க்கட்டும்" என்று இப்போதே சிலர் சொல்லக் கேட்கிறேன். இக்கூட்டம் கூட்டப்பட்டதே அந்தச் சொல்லுக்கு விடை கூறத்தான்.

பதினொன்றாம் வகுப்புக் கணித நூல் இரண்டு தொகுதிகளாக, பன்னிரண்டு பாடங்கள் கொண்டது. முதல் தொகுதியில் சார்புகள், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல், சேர்ப்பியல், தொடர்கள், பகுமுறை வடிவியல் ஆகியன உள்ளன. இவை நுண்கணிதம் என்னும் பெரிய கலைக்கு முன்வாசல். இரண்டாம் தொகுதியில் அணிகளும் வெக்டரும் நுண்கணிதத் தொடக்கமும் நிகழ்தகவும் வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு நூலைத் திறந்தால், நுண்கணிதத்தின் பயன்பாடுகள், வெக்டரின் பயன்பாடுகள், நேர்மாறு முக்கோணவியல் என்று பாடங்கள் வரும். பயன்பாடு என்று சொல்லும்போதே, மூலத்தை முந்திய ஆண்டே கற்றாயிற்று என்று அந்நூல் கருதுகிறது. மூலத்தைத் திரும்பச் சொல்லப் பன்னிரண்டில் நேரம் இராது.

சார்பு என்றால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஓர் எண் மாறும்போது அதைப் பற்றிய மற்றோர் எண் எவ்வாறு மாறுகிறது என்று காட்டும் விதியே சார்பு. நம் பக்கத்து வழக்கத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். அறுவடையான வயலில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுகிறோம். கைவசம் 100 மீட்டர் வலை இருக்கிறது. ஒரு பக்கம் வாய்க்கால். ஆகவே மூன்று பக்கம் வலை கட்டினால் போதும். எப்படிக் கட்டினால் கிடைக்கு மிகுந்த இடம் கிடைக்கும்? வாய்க்காலிலிருந்து 20 மீட்டர் வெளியே இழுத்தால் நீளம் 60 மீட்டர், பரப்பு 1,200 சதுர மீட்டர். 30 மீட்டர் இழுத்தால் நீளம் 40. பரப்பு மறுபடியும் அதே 1,200. இரண்டுக்கும் நடுவே 25 மீட்டரில் நிறுத்தினால் நீளம் 50, பரப்பு 1,250. அனுபவமுள்ளவர் இதனைப் பலமுறை கட்டிப் பார்த்துக் கண்டுகொள்வார். மாணவன் அதையே ஒரு வளைகோடாகத் தாளில் வரைகிறான்; கோடு ஏறி, உச்சி தொட்டு, இறங்குகிறது. அந்த உச்சி எங்கே என்று எந்தக் கோட்டுக்கும் சொல்லும் வழியே பின்னர் வரும் நுண்கணிதம். கோட்டையே வரைய அறியாதவனுக்கு உச்சியைத் தேடும் சூத்திரத்தை மனப்பாடம் செய்வித்து என்ன பயன்?

இன்னொன்று, வட்டி. 10,000 ரூபாயை மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்குகிறோம். தனிவட்டியானால் 36 மாதத்தில் கொடுக்கவேண்டுவது 17,200 ரூபாய். கட்டாத வட்டியை மாதந்தோறும் முதலோடு சேர்த்தால் அதே 36 மாதத்தில் 20,399 ரூபாயாகிறது. வேறுபாடு பெரிதில்லை என்று தோன்றும். மேலும் 36 மாதம் விட்டுப் பாருங்கள்: தனிவட்டியில் 24,400, கூட்டுவட்டியில் 41,600-க்கும் மேல். முன்னது நேர்கோடு, பின்னது அடுக்குக்குறிச் சார்பு. கடன் எத்தனை மாதத்தில் இரட்டிக்கும் என்று கண்டுபிடிப்பதற்கு மடக்கை என்னும் கணக்கு உதவுகிறது. இவ்விரண்டும் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களே. இவற்றைக் கற்ற பிள்ளை உங்கள் வீட்டுக் கடன் பத்திரத்தைப் படித்துப் பார்க்கும் கண் வேறாக இருக்கும்.

முக்கோணவியலைக் கண்டு பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். நம் மண்ணோ அதற்குப் பழக்கப்பட்டது. 1802-ம் ஆண்டு லாம்டன் என்பவர் பரங்கிமலையருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதன்பின் மலைகளிலும் கோபுரங்களிலும் கருவியை ஏற்றிக் கோணங்களை அளந்து, சங்கிலி போடாமலே தூரங்களைக் கணக்கிட்டுக்கொண்டு சென்றார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றும்போது, அரை டன் எடையுள்ள அக்கருவி சுவரில் மோதிச் சேதமுற்றதும் உண்டு. ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் காணலாம் என்ற அந்த விதியைத்தான் உங்கள் மகளும் மகனும் இவ்வாண்டு மூன்றாம் பாடத்தில் படிக்கிறார்கள்.

இனி, விதிகள். பத்தாம் வகுப்பிலிருந்து பின்னமும், எதிர்க்குறியும், காரணிப்படுத்தலும் தடையின்றி வரவேண்டும் என்பது எங்கள் முதல் எதிர்பார்ப்பு. பலருக்கு வருவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே முதல் இரண்டு வாரம் இவற்றையே மீண்டும் நடத்துகிறோம். அவ்விரண்டு வாரம் வராத பிள்ளை ஆண்டு முழுதும் அல்லற்படும். அக்டோபர் இறுதிக்குள் முதல் தொகுதி முழுமையும் முடிய வேண்டும் என்பது எங்களுக்கு நாங்களே இட்டுக்கொண்ட கட்டளை. அது தவறினால் காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிறு தேர்வு நடைபெறும். நோயாலோ வீட்டுக் காரியத்தாலோ எழுதாதவர் ஒரு வாரத்துக்குள் எழுதிவிட வேண்டும். அதற்குப் பின் ஏற்கப்படாது. குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கு அப்பகுதியை மீண்டும் சொல்லிக் கொடுத்து, மறுதேர்வு வைத்து, இரண்டில் மேலானதையே பதிவு செய்வோம். விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை. வழிமுறை படிப்படியாக இருக்க வேண்டும். விடை தவறினாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு, பொதுத்தேர்விலும் அவ்வாறே. கணிப்பானும் கைப்பேசியும் வகுப்பில் கூடாது. தேர்வு மண்டபத்தில் அவை கிடைக்கப்போவதில்லை என்பதால் மட்டுமன்று, கைக்கணக்கு மறந்துபோன பிள்ளைக்கு விடை தவறியது தெரியாது என்பதாலுமே இவ்விதி.

எழுத்துத் தேர்வுக்கு 90, உள்மதிப்பீட்டுக்கு 10 என்று மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டுள்ளன. அந்தப் பத்தில் வருகைக்கும் பங்கு உண்டு. தனிப்பயிற்சிக்கு அனுப்பித்தான் ஆகவேண்டுமா என்று சிலர் கேட்டீர்கள். வேண்டியதில்லை. வகுப்பில் கேட்டதை அன்று மாலையே ஒரு மணி நேரம் எழுதிப் பார்க்கும் பிள்ளைக்குப் பணம் கொடுத்து வேறிடத்தில் பயில்வது அவசியமன்று.

"எங்களுக்கு எழுத்தே தெரியாது, கணக்கை எப்படிப் பார்ப்பது?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. பார்க்கலாம். நோட்டைத் திறந்து தேதியைப் பாருங்கள். நேற்றைய தேதி இருக்கிறதா? ஆசிரியரின் சிவப்பு மை இருக்கிறதா? அடித்தலும் திருத்தலும் இருக்கின்றனவா? கணக்கு நோட்டில் அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லாவிட்டால் மகிழ்ந்துவிடாதீர்கள்; அது பெரும்பாலும் பிறர் நோட்டைப் பார்த்து எழுதியதே. முயன்று பார்த்த பிள்ளையின் நோட்டு அழகாக இராது.

அடுத்துச் சொல்வது உங்களில் பலருக்குக் கசப்பாக இருக்கலாம். புரட்டாசியில் குறுவை அறுவடையும் சம்பா நடவும் சேர்ந்து வருகின்றன. ஆள் கிடைப்பதில்லை, கூலி ஏறுகிறது. அப்போது பிள்ளைகளை நிறுத்திக்கொள்கிறீர்கள், அதிலும் வீட்டையும் தம்பி தங்கையரையும் பார்த்துக்கொள்ளப் பெண்பிள்ளைகளை. உங்கள் நெருக்கடியை நான் அறியாதவன் அல்லன். ஆனால் மற்றப் பாடங்களில் ஒரு வாரம் விட்டதைப் படித்துக்கொள்ளலாம். கணக்கில் ஐந்து நாள் விட்டால் ஆறாம் நாள் பாடம் விளங்காது. விளங்காத நாள் சேரச் சேர, "எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளை தன்னைத்தானே முடிவு கட்டிக்கொள்ளும். நிறுத்தித்தான் தீரவேண்டுமாயின், முன்கூட்டிச் சொல்லுங்கள்; ஒரே வாரமாக நிறுத்தாமல் அரை நாளாகப் பிரித்து, கணக்குப் பாடவேளைக்கேனும் அனுப்புங்கள். அவ்வாறு வருபவரைத் தாமதத்துக்காக வெளியே நிறுத்துவதில்லை என்று தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஊராட்சிப் பெருமக்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் 2006-ம் ஆண்டு முதல் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. சுற்று வட்டாரத்தில் அவற்றுள் சில பூட்டிக் கிடக்கின்றன. மாலை ஆறு முதல் எட்டு வரை திறந்து வைத்து, விளக்கும் இரண்டு பெஞ்சும் ஒரு கரும்பலகையும் ஏற்பாடு செய்தால், ஒற்றை அறை வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்து கணக்குப் போட இடம் கிடைக்கும். பெண்பிள்ளைகள் திரும்பும் தெருவில் விளக்கு எரியவேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்ததே. இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சியினருக்கும் இடம் உண்டு. பெரும்பாலோர் கட்டடம், கழிவறை, குடிநீர் பற்றியே பேசுகிறீர்கள். அவையும் வேண்டியவையே. அவற்றோடு, பதினொன்றாம் வகுப்பு எந்தப் பாடத்தில் நிற்கிறது என்றும் கேளுங்கள். கணக்காசிரியர் இடம் காலியாயின் எத்தனை நாளாய்க் காலி என்று கேட்டு, ஆகஸ்டு 15 கிராம சபையில் தீர்மானமாக எழுதி மேலிடத்துக்கு அனுப்புங்கள்.

மேற்படிப்பைப் பற்றியும் ஒரு சொல். பொறியியல் சேர்க்கையில் தரவரிசைக்குரிய 200-ல் 100 கணிதத்துக்கே; இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சேர்த்து மற்ற 100. அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு 2021-ம் ஆண்டு முதல் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காட்டு இடஒதுக்கீடும் உண்டு. நம் பிள்ளைகள் இடம் பெறுகிறார்கள். பெற்ற பின் முதல் பருவத்தின் கணக்குத் தாளில்தான் சிக்குகிறார்கள். அத்தாளில் தேறாமல் ஊர் திரும்பிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களிடம் பேசிப் பார்த்தால், தடுமாறிய இடம் பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பில் விட்டுப்போன ஒன்றாகவே இருக்கும்.

முதல் மாதத் தேர்வின் விடைத்தாள்கள் ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை இதே மண்டபத்தில் பார்வைக்கு வைக்கப்படும். வயலிலிருந்து நேராகவே வரலாம். பிள்ளையையும் உடனழைத்து வாருங்கள். ஒரு கணக்கையேனும் அவர்களே உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும்.