கை ஓயாத நாளில் மஷ்வரா
(செம்மநத்தத்தில் நடந்த தொண்டர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சகோதர சகோதரிகளே, "வேலை தலைக்கு மேலே கிடக்கு, இப்போ எதுக்கு மஷ்வரா?" என்ற பேச்சு நோன்பு மாதம் வந்தால் காதில் விழும். சொல்கிறவரைக் குறை சொல்ல முடியாது. கஞ்சிக்கு அரிசி களைய வேண்டும், மளிகைப் பை கட்ட வேண்டும், ஜகாத் கணக்கு எழுத வேண்டும். பித்ரா பெருநாள் தொழுகைக்கு முன்பே உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இனி வரும் வருடங்களில் இந்த நெருக்கடி கூடத்தான் போகிறது. ரமலான் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே வருகிறது. 2028ல் ஜனவரிக் கடைசியில் பிறை தேடுவோம். 2030ல் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று என இரண்டு ரமலான் வரும். நம் மலையில் அது காபிப் பழம் பறிக்கும் காலம். ஒரே செடியில் பழம் ஒன்றாகப் பழுக்காது. பழுத்ததை மட்டும் கையால் எடுத்து, மறுபடி மறுபடி அதே வரிசைக்குப் போக வேண்டும். விடிந்ததும் போனவர் சாயங்காலம்தான் வீடு திரும்புவார். பை கொண்டுபோகும் நேரத்தில் பல வீடுகள் பூட்டியிருக்கும். எந்த வீட்டுக்கு எப்போது போவது என்பதை ஓடுகிற ஓட்டத்தில் யோசிக்க முடியாது. உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

உஹத் நமக்குத் தெரிந்த வரலாறு. மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் எண்ணம். தோழர்களில் பெரும்பாலோர் வெளியே போய்ப் போரிட விரும்பினார்கள். நபியவர்கள் அதை ஏற்றார்கள். சுமார் 70 பேர் ஷஹீதானார்கள். அதற்குப் பின் இறங்கிய ஆலு இம்ரான் 159ஆம் வசனம் மஷ்வராவை நிறுத்தச் சொல்லவில்லை. தோழர்களை மன்னித்து, அவர்களோடு இனியும் ஆலோசிக்கவே சொல்கிறது. மன்னிப்பு முதலில் வருவதைக் கவனியுங்கள். யார் தப்பு என்று தேடுகிற கூட்டத்துக்கு அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள்.

ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனம் உடைந்து நின்றபோது வழி சொன்னவர் உம்மு ஸலமா (ரலி) அவர்கள். நம் ஊரிலும் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பெண்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பட்டியல் போட்டால் அந்த வீடு விட்டுப்போகும்.

ஆபரேஷன் தியேட்டரைவிட அவசரமான இடம் உண்டா? அங்கேயும் கத்தி வைக்கும் முன் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று பேசுகிறார்கள். முடிந்ததும் நோயாளி வெளியே போகும் முன் மறுபடி பேசுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008ல் கொண்டுவந்த முறை இது. டெல்லி, அம்மான் உட்பட 8 நகரங்களில் சோதித்ததில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

நாம் கேட்பது கால் மணி நேரம்தான். கஞ்சி ஊற்றி முடிந்ததும், தேக்சா கழுவப் போகும் முன். இன்று எந்த வீடு பூட்டியிருந்தது, யார் வாங்கக் கூச்சப்பட்டார், நாளை யார் போவது: இந்த மூன்றும் போதும். வரவு செலவுக் கணக்கு அங்கே வேண்டாம், அது இழுத்துக்கொண்டே போகும். அதற்கு வியாழன் இஷாவுக்குப் பின் தனியாக உட்காருவோம். தோட்ட வேலைக்குப் போகும் சகோதரிகள் வர முடியாவிட்டால் பக்கத்து வீட்டாரிடம் சொல்லி அனுப்புங்கள், அதையும் நோட்டில் எழுதிக்கொள்வோம்.