மெல்லினம் பேசும் அயலார்



மெல்லினமின்றி ஒரு மொழி இயங்குமா? பப்புவா நியூகினியின் பூகன்வில் தீவில், சில ஆயிரம் பேர் பேசும் ரொட்டோகாஸ் இயங்குகிறது. அதன் நடு வட்டார வழக்கில் மெய்கள் ஆறே. ம், ன் போன்ற மூக்கொலிகள் தனியெழுத்தாக இல்லை.

அந்நாவுக்கு அவை வாரா என எண்ணிவிட வேண்டா. அவ்வொலிகள் அங்கு அரிதாகவே கேட்கும். ஆயின், அயலார் ரொட்டோகாஸ் பேச முயல்வதை அம்மக்கள் நடித்துக் காட்டும்போது மூக்கொலி தானே வந்துவிடும் என்று 1969-இல் ஃபிர்ச்சோ இணையர் எழுதினர். அயலார் வேடத்துக்குரிய ஒலியாகவே மெல்லினம் அங்கே வாழ்கிறது. எள்ளலுக்கென்றே ஓர் ஒலியினம்! கவிஞர்க்குப் பொறாமை தரும் செல்வம்.

அம்மொழியின் ஐத்தா வழக்கிலோ மூக்கொலிகள் தனியெழுத்துகளே என 2006-இல் ஸ்டூவர்ட் ராபின்சன் காட்டினார். அங்கே அது வீட்டுப் பேச்சு.