வெள்ள நிவாரண மையத்தில் நாங்கள் கற்றது





பொன்விழாவில் இளைஞர் பகுதியின் சார்பில் பேச அழைத்தமைக்கு நன்றி. செய்ததைச் சொல்லிப் பெருமைப்பட வரவில்லை; செய்யத் தவறியதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

2021 டிசம்பர் 18 அன்று ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது. மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் தவித்தார்கள். நம் கோல லங்காட் மாவட்டமும் தப்பவில்லை. கடைகளைப் பூட்டிவிட்டு, அரிசி, பிஸ்கட், கைலிகளை லோரியில் ஏற்றிக்கொண்டு நிவாரண மையமாக மாறியிருந்த ஒரு பள்ளி மண்டபத்துக்குப் போனோம். ஒரு மூலையில் நாலு மேசை, ஒரு திரை, ஒரு மருத்துவர், இரண்டு தாதியர். அதுதான் மருத்துவமனை. எங்களை அங்கே உதவிக்கு நிறுத்தினார்கள்.

பேரிடர் மருத்துவமனை என்றால் வெட்டுக்காயமும் எலும்பு முறிவும்தான் என்று நினைத்திருந்தோம். 2004 சுனாமிக்குப் பிறகு ஆச்சேயிலிருந்து வந்த படங்கள் மனத்தில் இருந்தன. இங்கே வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள். மருந்து வெள்ளத்தோடு போய்விட்டது.

"என்ன மருந்து பாட்டி?"

"சின்ன வெள்ளை மாத்திரை தம்பி. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

மருத்துவர் எங்களைப் பார்த்தார். மலாயில் எடுத்துச் சொல்லத்தான் எங்களை நிறுத்தியிருந்தார்கள். பெயரே தெரியாத மருந்தை எந்த மொழியில் சொல்வது?

அன்று மின்சாரமும் இல்லை. வந்த இன்சுலினை நேராக ஐஸ் கட்டிமேல் வைத்துவிட்டோம். பொலிடெக்னிக் டிப்ளோமா இருந்தும் அது தெரியவில்லை. தாதி ஓடிவந்து எடுத்துத் துணியில் சுற்றினார். 2 முதல் 8 பாகை குளிர் போதும். உறைந்தால் குப்பைக்குத்தான் போகும் என்றார். காலில் புண்ணோடு வெள்ளநீரில் நடந்தவர்களின் பெயரைத் தனியே எழுதவும் சொன்னார். எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் காய்ச்சல் பல நாள் கழித்தும் தலைகாட்டுமாம்.

மூன்றாம் நாள் இரவு வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. நம் சங்கத்தில் சந்தாப் பட்டியல் இருக்கிறது. தனியாக வாழும் முதியவர் யார், அவர் உண்ணும் மருந்து என்ன என்ற பட்டியல் இல்லை. அந்த வெள்ளம் ஜெஞ்சாரோமில் நம் தெருவுக்குள் வந்திருந்தால், நம் உம்மாமார்களும் அந்த வரிசையில் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஒவ்வொரு வீட்டிலும் மருந்தின் பெயர், அளவு, கிளினிக் அட்டையின் நகல் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் வைத்திருங்கள். கைப்பேசியிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, தனித்திருக்கும் முதியோரின் பெயரைச் சங்கத்திடம் தாருங்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியானாலும், மலாய் மாக்சிக்கானாலும் சேர்த்தே தாருங்கள்.

வாசலில் படிவம் வைத்திருக்கிறோம். நிரப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. வஸ்ஸலாம்.